நொடியைத் திருத்தினோம், பாலில் தண்ணி என்றார்கள்

1. குடிக்கக் கொடுத்த பால்கோவா

அன்றைக்கு ஆபீஸுக்கு வந்து நான் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. எஸ்தர் அக்கா விறுவிறுவென்று உள்ளே வந்து என் மேசை மேல் ஒரு எவர்சில்வர் தம்ளரை டொக்கென்று வைத்தார்.

"குடி."

எட்டிப் பார்த்தேன். உள்ளே பால்கோவா.

"அக்கா, பால்கோவாவை யாராச்சும் குடிப்பாங்களா?"

"அதைத்தான்ட்டி நானும் கேக்கேன். தம்ளரைச் சாய்ச்சுப் பாரு, ஓடி வருதா இல்லையான்னு. குடி."

சாய்த்தேன். வந்தது. ருசி என்னமோ நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களிடம் போய் "ருசி நல்லாருக்கு, கொஞ்சம் தண்ணியா இருக்கு" என்று சொல்லிவிட்டு யாரும் முழுசாகத் திரும்பி வர முடியாது. வாயைத் துடைத்துக்கொண்டேன்.

எஸ்தர் அக்கா ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா அடுப்படி வைத்திருப்பவர். அவருக்கென்று கடை கிடையாது. கிண்டி இறக்கித் தேரடிப் பக்கத்துக் கடைகளுக்குப் போடுவார். நான் கோமதி. ராஜபாளையத்தில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை. டிபன் கேரியர் அளவுக்கு ஒரு கன்ட்ரோலர் பாக்ஸ் செய்து விற்கிறோம். மோட்டாரை ஓட்டும், நிறுத்தும், வால்வைத் திறக்கும், நேரம் பார்த்து மணி அடிக்கும். மில்லில் இருக்கிறது, பேண்டேஜ் துணி வெளுக்கிற இடத்தில் இருக்கிறது, எஸ்தர் அக்கா அடுப்படியிலும் இருக்கிறது. அவர் அதைப் 'பொட்டி' என்பார்.

அக்கா கம்ப்ளெயின்ட் சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தேன். இல்லை, புதுசாக ஒன்று வாங்க வந்திருந்தார்.

"பால்ல தண்ணி கலந்திருந்தா மணி அடிக்கிற மாதிரி நம்ம பொட்டில ஒண்ணு மாட்டிக் குடு. வெலையைப் பத்திப் பேச்சில்ல. அந்தப் பயலைக் கையும் களவுமாப் பிடிக்கணும்."

"எந்தப் பய?"

"மம்சாபுரம் மாடசாமிதான், வேற யாரு? இத்தனை வருசமாப் பால் ஊத்துனவன் இப்பம் தண்ணி ஊத்துதான். தெருவுல வச்சு நாலு கேள்வி கேட்டுட்டேன். கேனைக் கவுத்துட்டுப் போனவன் போனவன்தான், இந்தப் பக்கம் எட்டிப் பாக்கல."

"இப்போ பாலுக்கு என்ன செய்றீங்க?"

"வேற ஆளு ஊத்துதான். அவனும் தண்ணிதான் ஊத்துதான். அவனை நிப்பாட்டிட்டு இன்னொருத்தனைப் பிடிச்சேன், அவனும் அப்படித்தான். ஊருல அம்புட்டுப் பேரும் சொல்லி வச்சு எனக்குத் தண்ணி ஊத்துதானுவ கோமதி!"

ஆடித் தேர்த் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. வருசத்தில் அவருக்குப் பெரிய ஓட்டம் அப்போதுதான். இன்னொரு நடை இப்படித் தளதளவென்று வந்தால் வேறு அடுப்படியில் வாங்கிக்கொள்வோம் என்று கடைக்காரர்கள் சொல்லிவிட்டார்களாம். கையால் கிண்டுகிற ஆட்களை நிறுத்திவிட்டுத்தான் எங்கள் பாக்ஸை நம்பி வந்தவர் அவர். தேர் ஓட்டம் கைவிட்டுப் போனால் அப்புறம் எழுந்திருப்பது கஷ்டம்.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. மாடசாமி ஒருத்தர் தண்ணி ஊத்தலாம். ஒரு ஊரே ஒரே நேரத்தில் ஊத்துமா?

"அக்கா, இது எப்போலேர்ந்து?"

"உங்க சர்வீஸ் தம்பி வந்து பொட்டியை நல்லாத் தொடச்சு, பென்டிரைவ் சொருகிட்டுப் போனாம்லா, அந்த வாரத்துலேர்ந்து. பொட்டி நல்லாத்தான் ஓடுது, அதைக் குத்தம் சொல்லப்படாது."

நான் தம்ளரை மெல்ல மேசை மேல் வைத்தேன்.

2. ஏழாம் நம்பர்

இந்த இடத்தில் பாக்ஸுக்குள் இருப்பதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பயப்பட வேண்டாம், செத்த நேரம்தான்.

எங்கள் பாக்ஸுக்கு என்று சொந்தமாக ஒரு ஓஎஸ், அதாவது அதை நடத்துகிற அடிப்படை மென்பொருள், உண்டு. வாங்குகிறவர்கள் அதன் மேல் அவரவர் வேலைக்குத் தக்கபடி புரோகிராம் எழுதிக்கொள்வார்கள். ஓட்டலில் நாம் அடுப்படிக்குள் போவதில்லை, சப்ளையரிடம் சொல்கிறோம், அவர் கொண்டுவருகிறார். அந்த மாதிரி புரோகிராம் ஓஎஸ்ஸிடம் நம்பர் சொல்லிக் கேட்கும். அதற்குப் பெயர் கால், இங்கிலீஷில் கூப்பிடுவது. மூன்றாம் நம்பர் கால் என்றால் மோட்டாரை ஓட்டு. ஐந்து என்றால் மணி அடி. ஏழு என்றால் இத்தனை நொடி பொறு. இந்த நம்பர்களும் அவற்றின் நடத்தையும்தான் இன்டர்ஃபேஸ். ஓஎஸ்ஸுக்குள்ளே எதை வேண்டுமானாலும் கழற்றி மாட்டலாம். இந்த வாசலை மட்டும் இடிக்கக் கூடாது. அந்த வாசலில் உட்கார்ந்து காவல் காப்பதுதான் என் உத்தியோகம்.

ஏழாம் நம்பரில் ஆதியிலிருந்தே ஒரு கோளாறு. முதல் போர்டுக்கு வாங்கின, நொடியை அளக்கிற கிரிஸ்டல் ஒன்று, ஓஎஸ் கோடில் போட்ட கணக்கு வேறு கிரிஸ்டலுக்கு. அதனால் எங்கள் பாக்ஸில் ஒரு நொடி என்பது ஊர் நொடியைவிடக் கொஞ்சம் நீளம். பத்து நிமிஷம் பொறு என்றால் பதினொன்று பொறுக்கும். சொல்லப்போனால் எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பொருத்தமான பாக்ஸ்தான். இத்தனை வருசத்தில் ஒரு ஆள் இதைக் கேட்டதில்லை.

கேட்டது கோயம்புத்தூரில், ஒரு எக்ஸிபிஷனில். யாரோ ஒரு புண்ணியவான் ஸ்டாப்வாட்சை வைத்துப் பார்த்துவிட்டு, "என்ன சார், உங்க பாக்ஸ் தூங்கித் தூங்கி எண்ணுதே" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டார். எங்கள் முதலாளி வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கலையாத மனுஷன். சுவரில் காலண்டர் சாய்ந்திருந்தால் மீட்டிங்கை நிறுத்திவிட்டு எழுந்துபோய் நேராக்குவார். அவர் முகத்துக்கு நேரே இப்படிச் சொன்னால்? ராஜபாளையம் வந்து இறங்கியதும் இறங்காததுமாக என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, ஊரெல்லாம் ஒரு நொடி, நம்ம பாக்ஸுக்கு மட்டும் தனி நொடியா?"

"ஆமா சார். ஆரம்பத்துலேர்ந்தே அப்படித்தான்."

"சரி பண்ணு."

"சரியான நொடிக்குப் புதுசா ஒரு நம்பர் குடுப்போம் சார். புதுசா எழுதுறவங்க அதைக் கூப்பிடட்டும். ஏழு இப்படியே இருக்கட்டும். அதை நம்பி ஆளுங்க எழுதி வச்சிருக்காங்க."

"தப்பை நம்பி எவனாவது எழுதுவானா?"

"தப்புன்னு தெரியாம நம்பி எழுதுவாங்க சார்."

"கோமதி, தப்பைப் பத்திரமாப் பூட்டி வைக்கவா உனக்குச் சம்பளம் குடுக்கேன்?"

இதற்கு மேல் பேசினால் வீட்டில் பேசுகிற தெலுங்குக்குத் தாவிவிடுவார். அதில் என்னால் ஈடுகொடுக்க முடியாது. ஏழாம் நம்பர் திருத்தப்பட்டது. டெஸ்ட் எல்லாம் பாஸ். ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தார், இழை பிசகவில்லை. அன்றைக்கு ஆபீஸில் எல்லாருக்கும் காராசேவு வாங்கிக் கொடுத்தார். நானும் தின்றேன், மறைக்கவில்லை. சர்வீஸ் தம்பி பென்டிரைவை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பினான்.

3. கால் சுணங்கிப் போச்சு

எஸ்தர் அக்காவோடு அதே பஸ்ஸில் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். பாக்ஸ் மேல் எனக்குச் சந்தேகம் என்று வழியில் மெதுவாக எடுத்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பொட்டியைப் பற்றித் தப்பாகப் பேசினால் அவருக்குப் பிடிக்காது.

அடுப்படியில் பெரிய சட்டி, மேலே கிண்டுகிற மோட்டார், சுவரில் எங்கள் பாக்ஸ். பால் கொதித்து வற்றி ஒரு பதத்துக்கு வருகிற நேரத்தை எண்ணி பாக்ஸ் ஒரு மணி அடிக்கும். அது சர்க்கரை மணி. சீனியைக் கொட்டிவிட வேண்டியது. அப்புறம் அதுவே தீயைக் குறைத்துக் கிண்டிக்கொண்டிருந்துவிட்டு இன்னொரு மணி அடிக்கும். அது இறக்கு மணி. அடித்தால் மறுபேச்சில்லை, சட்டியை இறக்கிவிடுவார்கள்.

"கையால கிண்டுன காலத்துல கண்ணு பார்க்கும், கை பார்க்கும். இப்பம் மணி பாத்துக்கிடுது" என்றார் அக்கா. "சர்க்கரையைப் போட்டுட்டு நான் தெருக்குழாய்க்குப் போயிருவேன். ரெண்டு குடம் தண்ணி பிடிச்சாந்து, குடத்தை எறக்கி, இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தேன்னா எறக்கு மணி அடிக்கும். எத்தனையோ வருசமா இதே கணக்குத்தான். இப்பம் என்னடான்னா தெருமுக்குல வாரேன், உள்ள மணி அடிக்கி. ஓடி வந்து மூச்சு வாங்குது. கால் சுணங்கிப் போச்சு கோமதி. அம்பாசமுத்திரத்துலேர்ந்து ஒரு தைலம் வரவழைச்சுத் தடவிக்கிட்டு இருக்கேன்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பால்கோவா இளகினதுக்குப் பால்காரர். மணி முந்தினதுக்குத் தன் கால். பொட்டியை மட்டும் இந்தம்மா கடைசி வரை சந்தேகப்படவில்லை.

அக்கா வீட்டுக்காரர் ஜெபராஜ் அண்ணன் உள்ளேதான் இருந்தார். பட்டாளத்தில் சிக்னல்ஸில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். அந்தப் புரோகிராமை எழுதியதே அவர்தான். வேறு யாரையும் தொட விடவில்லை என்று அந்தக் காலத்தில் பெருமையாகச் சொல்லுவார்கள். சரி, ஒரு வழி பிறந்தது என்று லேப்டாப்பைத் திறந்து வைத்தேன்.

"அண்ணே, காத்திருக்கிற நேரம் எல்லாத்தையும் கொஞ்சம் கூட்டிப் போட்டுட்டா இன்னைக்கே சரியாயிரும். எந்தெந்த இடத்துலன்னு மட்டும் சொல்லுங்க."

அண்ணன் கண்ணாடியைப் போட்டார். பார்த்தார். கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டார்.

"இதை எழுதுனது நான்தான்" என்றார்.

"ஆமாண்ணே."

"என்ன எழுதியிருக்கேன்னுதான் தெரியல."

அக்கா அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தார். "ரிப்பேர் பண்ண ஒருத்தர்ட்டயும் போவக் கூடாதுன்னு யாருக்கும் புரியாத மாதிரி எழுதிட்டேன்னு அன்னைக்கு என்ன சிரிப்பு! இப்பம் அவியளுக்கே புரியல."

அண்ணன் பாவம், விடவில்லை. ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டி, "இந்த எண்ணை அதைப் போட்டு வகுத்து, அதுலேர்ந்து இதைக் கழிச்சு... எதுக்குக் கழிச்சேன்? ஏதோ காரணம் இருந்துச்சு கோமதி. காரணம் இல்லாமக் கழிக்கிற ஆளு இல்ல நான்" என்றார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. இந்தத் தொழிலில் இருக்கிற எவரும் தான் எழுதின பழைய புரோகிராம் முன்னால் இப்படித்தான் உட்கார்ந்திருப்போம். அதைத் தொடாமல் இருப்பதுதான் எல்லாருக்கும் நல்லது என்று மூடிவிட்டேன்.

4. அம்புட்டு நம்பிக்கை

ஆபீஸுக்கு வந்து, புது ஓஎஸ் ஏற்றின எல்லா இடத்துக்கும் ஃபோன் போட்டேன். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி வெளுக்கிற ஒருத்தர், துணி மங்கலாக வருகிறது என்று பிளீச்சிங் பவுடர் வியாபாரியை மாற்றியிருந்தார். சேத்தூர்ப் பக்கம் ஒரு மில்லில் சூப்பர்வைசர், ஃபிட்டர் ஒழுங்காக வேலை பார்ப்பதில்லை என்று அவரை வேறு ஷிஃப்டுக்குத் தூக்கிப் போட்டிருந்தார். பாக்ஸில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டால் இரண்டு பேரும் ஒரே மாதிரி, "உங்க பாக்ஸா? அது நல்லாத்தானே ஓடுது!" என்றார்கள்.

இதையும் எஸ்தர் அக்கா, பால்காரர் மாடசாமி கதையையும் முதலாளியிடம் சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியா, நம்ம பாக்ஸ் மேல எம்புட்டு நம்பிக்கை!"

"அந்த நம்பிக்கையிலதான் சார் மாடசாமி மாட்டிக்கிட்டாரு."

மலர்ச்சி போய்விட்டது. கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். அப்புறம், "சரி, அந்தம்மா புரோகிராமை மாத்தச் சொல்லு" என்றார். ஜெபராஜ் அண்ணன் கதையைச் சொன்னேன். "அப்போ ஏழைப் பழையபடி ஆக்கிவிடு" என்றார்.

"அதுவும் முடியாது சார். இதுக்கு நடுவுல புதுசா வாங்கினவங்க சரியான நொடியை நம்பி எழுதிட்டாங்க. எஸ்தர் அக்காவுக்கு வேகாததைச் சரி பண்ணினா, அங்கே கருகும்."

முதலாளி நாற்காலியில் சாய்ந்து, "ஏமம்மா இதி!" என்றார். 'என்னம்மா இது' தெலுங்கில் வந்துவிட்டது. "தப்பா இருந்தவரைக்கும் ஒருத்தன் வாயைத் திறக்கல. சரி பண்ணேன், ஊரே சண்டை போடுது!"

"தப்பு உள்ளே இருந்தவரைக்கும் நம்ம தப்பு சார். வாசலைத் தாண்டி அவங்க அடுப்படிக்குப் போய்ட்டா அது அவங்க பழக்கம்."

இதைச் சொல்லிவிட்டு எனக்கே நான் பெரிய ஆள் மாதிரித் தோன்றியது. அவர் அதைக் கவனித்த மாதிரித் தெரியவில்லை.

கடைசியில் செய்தது சின்ன வேலைதான். ஒவ்வொரு புரோகிராமின் நெற்றியிலும் அது எந்த ஓஎஸ் பதிப்புக்காக எழுதினது என்று ஒரு எண் இருக்கும். யாரும் அதைப் பார்ப்பதில்லை. இனிமேல் ஓஎஸ் பார்க்கும் என்று வைத்தேன். பழைய எண் இருந்தால் ஏழாம் நம்பர் பழைய நீள நொடியைத் தரும். புது எண் இருந்தால் ஊர் நொடி. கோடில் அந்த இடத்துக்கு மேலே, 'இது தப்பு என்று தெரியும். திருத்த வேண்டாம். திருத்துகிறவர் பால்கோவா கிண்டித் தர வேண்டும்' என்று எழுதி வைத்தேன். இன்னும் இருக்கிறது.

சர்வீஸ் தம்பியை அனுப்பாமல் நானே ஸ்ரீவில்லிபுத்தூர் போய் ஏற்றினேன். அன்றைக்கு ஊத்தியது வேறு ஆளுடைய பால்தான். சர்க்கரை மணி அடித்தது, இறக்கு மணி அடித்தது. சட்டியை இறக்கினார்கள். கரண்டியை நிறுத்தினால் நின்றது.

அக்கா ஒரு விள்ளலை எடுத்து உருட்டினார். உருண்டது. முதலில் சிரித்தார். அப்புறம் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"அப்பம் மாடசாமி பால்ல தண்ணி இல்லையா?"

"இல்லக்கா."

"நான் அவனைத் தெருவுல வச்சுல்லா சொன்னேன்" என்று சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். வெட்கமும் துக்கமுமாக அவர் முகம் போன போக்கை என்னால் பார்க்க முடியவில்லை. அத்தனை பேச்சுப் பேசுகிற மனுஷி வாயை முந்தானையால் மூடிக்கொண்டார்.

பிரச்சினை அதோடு முடியவில்லை. பால்கோவா இறுகிவிட்டது சரி, தேருக்குத் தேவையான அளவு பால்? மற்ற பால்காரர்கள் எல்லாம் தேர்க்காலப் பாலை வேறு அடுப்படிகளுக்கு எப்போதோ பேசி முடித்துவிட்டார்கள். மாடசாமி வந்தால்தான் எஸ்தர் அக்காவுக்குத் தேர். ஜெபராஜ் அண்ணன் ஒரு நடை போய்ப் பார்த்தார். பட்டாளத்துக்காரர் என்ற மரியாதைக்கு மாடசாமி அவருக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டார். பால் மட்டும் தரவில்லை.

5. மம்சாபுரத்தில் முதலாளி

"நான் எதுக்கும்மா போகணும்?" என்றார் முதலாளி.

"நொடி யாருது சார்?"

முதலாளி கார் சாவியை எடுத்தார். அந்த மனுஷனிடம் எனக்குப் பிடித்தது இதுதான். குதிப்பார், கத்துவார், ஆனால் காரியம் நியாயம் என்று பட்டால் கிளம்பிவிடுவார்.

மம்சாபுரத்தில் கார் ஒரு தெருமுக்கோடு நின்றுவிட்டது. சந்துக்குள் போகாது. முதலாளி வெள்ளை வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சாணிக்குச் சாணி தாண்டித் தாண்டி வந்தார். ஆபீஸில் காலண்டரை நேராக்க எழுந்து போகிற கால்கள். நான் முன்னால் பார்த்தே நடந்தேன், திரும்பினால் சிரித்துவிடுவேன்.

மாடசாமி மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார். ஒல்லியான ஆள், அதிகம் பேச மாட்டார். முதலாளி நேராக விஷயத்துக்கு வந்தார்.

"உன் பால்ல ஒரு தப்பும் இல்லப்பா. அந்தம்மா அடுப்படியில இருக்கிற பாக்ஸ் நாங்க செஞ்சது. அதுல நொடி குறைஞ்சு போச்சு."

"நொடி எப்படிங்கய்யா குறையும்?"

"முன்னாடி கூட இருந்துச்சு. அதைச் சரி பண்ணோம்."

"சரி பண்ணீங்க."

"ஆமா."

"சரி பண்ணதுனால தப்பாயிட்டு."

"ஆமாப்பா."

மாடசாமி பக்கத்தில் நின்ற அவர் சம்சாரத்தைப் பார்த்தார். அந்தம்மா, "படிச்சவிய சொல்லுதாவ, கேட்டுக்கிடுங்க" என்று உள்ளே போய்விட்டார். சிரிப்பை அடக்கத்தான் போனார் என்பது என் எண்ணம்.

மாடசாமி வாளியைக் கீழே வைத்தார். "அய்யா, என்னையச் சொன்னாக்கூட விட்டுருவேன். மாட்டையும் சேத்துல்லா சொன்னாவ. தெருவுல பத்துப் பேரு பாக்க. அன்னையிலேர்ந்து வேற எவனும் எங்கிட்டப் பால் வாங்குததுக்கு முன்ன ஒரு தடவை யோசிக்கான். நீங்க இங்க வந்து, சாணிக்குள்ள நின்னு எங்கிட்டச் சொல்லி என்ன பிரயோசனம்? எனக்குத்தான் தெரியுமே, என் பால்ல தண்ணி இல்லன்னு."

எனக்குச் சுருக்கென்றது. நான் இத்தனை நாள் கவலைப்பட்டதெல்லாம் பாக்ஸை வாங்கினவருக்காக. பாக்ஸையே பார்த்திராத இந்த மனுஷனின் பேர் கெட்டுக் கிடந்தது.

"தெருவுல சொன்னாவ. தெருவுல வச்சுச் சொல்லுங்க. பால் கொண்டாரேன்."

6. தெருவில் ஒரு ரிலீஸ்

மறுநாள் காலை எஸ்தர் அக்கா வீட்டு வாசலில் கடைக்காரர்கள் நின்றார்கள். தேருக்கான சரக்கைப் பற்றிப் பேச வந்தவர்கள். வேடிக்கை உண்டு என்று யாரோ சொல்லிவிட்டதால் குழாயடிக் கூட்டமும் வந்துவிட்டது. மாடசாமி கேன்களோடு மோட்டார் சைக்கிளில் வந்து, இறங்காமல் நின்றார்.

முதலாளி தொண்டையைச் செருமினார். எக்ஸிபிஷனில் இங்கிலீஷில் பிளந்து கட்டுகிறவர், எஸ்தர் அக்காவின் தெருவில் வார்த்தை தேடினார்.

"எல்லாரும் கேளுங்க. இந்தப் பால்ல தண்ணி இல்ல. எங்க பாக்ஸ்ல நேரத்தை மாத்தினோம், யாருகிட்டயும் சொல்லாம மாத்தினோம். அதான் கோவா இளகிப் போச்சு. தப்பு எங்களுது. பால்காரர் மேல இல்ல."

"இப்பம் சரியாயிட்டாங்கய்யா?" என்றார் ஒரு கடைக்காரர்.

"பழையபடி தப்பாவே ஆக்கிட்டோம்" என்றார் முதலாளி. தெரு சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார்.

எஸ்தர் அக்கா சிரிக்கவில்லை. படி இறங்கி மோட்டார் சைக்கிள் பக்கம் போனார்.

"தம்பி, பொட்டி நேரத்தைத்தான் தப்பாச் சொல்லிச்சு. உன்னையச் சொன்னது என் வாய். மனசுல வச்சுக்கிடாத."

மாடசாமி பையிலிருந்து ஒரு லாக்டோமீட்டரை எடுத்து நீட்டினார். பாலில் தண்ணி இருக்கிறதா என்று பார்க்கிற கருவி. அந்தச் சண்டைக்குப் பிறகு வாங்கினது போல, கவர்கூடப் பிரிக்கவில்லை.

"வேண்டாம் தம்பி, அதை உள்ள வையி."

"போட்டுப் பாருங்கக்கா. எல்லாரும் பாக்கட்டும். போட்டாத்தான் ஊத்துவேன்."

அக்கா கவரைப் பிரித்துக் கேனுக்குள் போட்டார். கடைக்காரர்கள் கழுத்தை நீட்டினார்கள். கருவி எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நின்றது. மாடசாமி அதை எடுத்துத் துடைத்து, பைக்குள் வைத்துவிட்டு, கேனைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் சட்டியில் பால் விழுகிற சத்தம் கேட்டது. அக்கா வாசலிலேயே நின்று, ஒளிக்காமல் அழுதார்.

தேருக்குச் சரக்கு குறைவில்லாமல் போனது.

7. தைலம்

புதுசாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். இன்டர்ஃபேஸை மாற்றி எங்கேயாவது ஏதாவது உடைந்தால் உங்களுக்கு ஃபோன் வரும் என்று காத்திருக்காதீர்கள். வராது. நாம் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. பக்கத்தில் எவர் நிற்கிறாரோ அவர் மேல் விழும். பால்காரர், பவுடர் வியாபாரி, ஃபிட்டர். யாரும் இல்லாவிட்டால் தன் காலையே குறை சொல்லிக்கொள்வார்கள்.

அதற்கப்புறம் எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம் வந்தது. யாராவது ஓஎஸ்ஸில் ஒரு மாற்றம் கொண்டுவந்தால், அழகாக விளக்கி முடிக்கிற வரை முதலாளி கேட்டுக்கொண்டிருப்பார். கடைசியில், "எல்லாம் சரி, இதுல பால்காரர் யாரு?" என்பார். பதில் தெரியாவிட்டால் ரிலீஸ் கிடையாது. ஒரு தடவை அவரே ஒரு மாற்றம் கொண்டுவந்தார். மீட்டிங்கில் நான் கையைத் தூக்கினேன். நான் கேட்பதற்குள், "தெரியும் தெரியும், யோசிச்சுட்டு வாரேன்" என்று எழுந்து போய்விட்டார்.

போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் வேறு வேலையாகப் போனவள், எஸ்தர் அக்கா வீட்டுக்கும் போனேன். பாக்ஸ் புதுசு. உள்ளே ஓஎஸ் அடியோடு புதுசு, ஒரு வரிகூடப் பழையது இல்லை. ஆனால் ஜெபராஜ் அண்ணனின் புரியாத புரோகிராம் அப்படியே ஓடுகிறது, ஏழாம் நம்பர் அதற்கு அதே நீள நொடியைத் தருகிறது. தப்பான ஒரு நொடியை இவ்வளவு கவனமாகச் செய்து வைத்திருக்கும் கம்பெனி வேறு எங்கும் இருக்காது.

சர்க்கரை மணி அடித்தது. அக்கா சீனியைக் கொட்டிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு போனார். நான் பாக்ஸையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு குடத்தோடு மெல்ல வந்தார். இறக்கி வைத்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மணி அடித்தது.

அக்கா முகத்தில் அப்படி ஒரு திருப்தி. காலை நீட்டி ஒரு தட்டுத் தட்டினார்.

"அந்தத் தைலம் ரொம்ப நல்லாக் கேக்கு கோமதி. பாரு, பழைய நடை திரும்பி வந்துட்டு."

நான் பாக்ஸைப் பார்த்தேன், அவர் காலைப் பார்த்தேன்.

"எனக்கும் ஒரு பாட்டில் சொல்லுங்கக்கா" என்றேன்.